அலையேறிய குரல்

பொத்தானை அழுத்திப் பேசுவதும், விரலை எடுத்தவுடன் மறுமுனையிலிருந்து வரும் குரலைக் கேட்பதும் இன்று காவலர்க்கும் மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் அன்றாடச் செயல்களாகிவிட்டன. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவிக்குள் குரலை மின்னோட்டமாக மாற்றும் ஒலிவாங்கி ஒன்றும், மின்னோட்டத்தை மீண்டும் குரலாக மாற்றும் ஒலிபெருக்கி ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெளியைக் கம்பியின்றிக் கடப்பது மின்காந்த அலை. அவ்வலையின்மேல் மனிதக் குரலை முதன்முதலில் ஏற்றிவைத்தவர் என்று போற்றப்படுபவர் ரெஜினால்டு ஆப்ரி ஃபெசண்டன். கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றில் மார்க்கோனியின் பெயர் பெற்ற புகழை இவர் பெயர் பெறவில்லை. ஆயினும் தந்தியின் புள்ளியும் கோடும் பேச்சாக மாறிய திருப்பத்தில் நிற்பவர் இவரே.

ஃபெசண்டன் 1866-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் கிழக்குப் போல்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எலிசா ஓர் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு, தாயார் கிளமென்டினா. குருமார் குடும்பத்தின் அளவான வருவாயில் நால்வராய்ப் பிறந்த ஆண்மக்களுள் மூத்தவர் இவர். கணக்கில் இவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்ட பள்ளி, பதினான்கு வயதிலேயே இளைய மாணவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தது. கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறாமலே வெளியேறிய இவர், பெர்முடா தீவுக்குச் சென்று அங்கிருந்த சிறு பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். பின்னாளில் இவர் மணந்துகொண்ட ஹெலன் டிராட் அத்தீவினைச் சேர்ந்தவர்.

மின்னியல் பயில வேண்டும் என்னும் வேட்கை 1886-இல் இவரை நியூயார்க் நகருக்கு இழுத்து வந்தது. எடிசனிடம் வேலை கேட்டு எழுதிய இளைஞர், தமக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும், ஆனால் விரைவில் கற்றுக்கொள்ள முடியும் என்றும் ஒளிக்காமல் குறிப்பிட்டார். மின்சாரம் தெரியாதவர்கள் தம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள் என்று எடிசனிடமிருந்து மறுமொழி வந்தது. ஃபெசண்டன் திரும்பிப் போய்விடவில்லை. நகரின் தெருக்களுக்கடியில் மின்கம்பி புதைக்கும் பணியில் சிறிய வேலை ஒன்றைப் பெற்றுப் படிப்படியாக உயர்ந்து, எடிசனின் ஆய்வுக்கூடத்தில் தலைமை வேதியியலராக அமர்ந்தார். 1890-இல் எடிசனுக்கு நேர்ந்த பணநெருக்கடியால் அவ்வேலை போயிற்று. பின்னர்ப் பர்டியூ பல்கலைக்கழகத்திலும், 1893 முதல் பிட்ஸ்பர்க் நகரில் அந்நாளில் மேற்குப் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் எனப்பட்ட கல்விக்கூடத்திலும் மின்பொறியியல் பேராசிரியராகப் பணிபுரிந்தார். பட்டமில்லாத ஒருவர் பேராசிரியராக அமர்ந்தது அவர் திறமைக்குச் சான்று.

கம்பியில்லாத் தந்தி உலகை வியப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்த காலம் அது. அந்நாளைய பரப்பிகள் அனைத்தும் தீப்பொறியை நம்பியிருந்தன. இரு உலோகக் குமிழ்களுக்கு இடையே பாயும் ஒவ்வொரு பொறியும் ஓர் அலைத்தொடரை எழுப்பும். அத்தொடர் தோன்றிய வேகத்திலேயே மெலிந்து அடங்கிவிடும். மணியை ஒருமுறை அடித்தால் எழும் ஓசை தேய்ந்து மறைவது போன்றது அது. புள்ளிக்கும் கோட்டுக்கும் இது போதும். அலை இருக்கிறதா, இல்லையா என்பதைத் தவிர அங்கே ஏற்பி அறிய வேண்டியது வேறொன்றுமில்லை. மனிதக் குரலோ நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அதிர்வுகளைக் கொண்டது. ஒவ்வோர் அதிர்விலும் ஏறியிறங்கும் நுண்மைகளைத் துண்டு துண்டாக அறுபட்ட அலை எவ்வாறு சுமக்கும்? ஓவியம் தீட்ட வேண்டுமாயின் துணி கிழியாதிருக்க வேண்டும். தேயாமல், அறுபடாமல் ஒரே சீராக எழும் தொடரலை வேண்டும் என்பது ஃபெசண்டன் கண்ட விடை. எளிதாகத் தோன்றும் இக்கருத்தை அந்நாளைய வல்லுநர் பலர் ஏற்கவில்லை. பொறியின் சவுக்கடி போன்ற திடீர் வீச்சினால்தான் அலை பிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

1900-இல் அமெரிக்க வானிலை அலுவலகம் கடற்கரையோரச் செய்திகளைக் கம்பியின்றி அனுப்ப விரும்பி ஃபெசண்டனைப் பணியில் அமர்த்தியது. போடோமாக் ஆற்றின் கரையிலுள்ள காப் தீவில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள இரு கம்பங்கள் 1.6 கிலோமீட்டர் இடைவெளியில் நடப்பட்டன. தொடரலையை உண்டாக்கும் பொறி இன்னும் உருவாகாத நிலையில், பொறிகளையே மிக விரைவாகப் பாயச் செய்து தொடரலைக்கு அருகில் செல்ல முயன்றார். நொடிக்கு 10,000 பொறிகள் வெடிக்குமாறு அமைத்து, விண்ணலைக்கம்பியோடு தொலைபேசியின் கரித்துகள் ஒலிவாங்கியை இணைத்தார். டிசம்பர் 23-ஆம் நாள் அதன்முன் நின்று எண்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுமுனையில் இருந்த உதவியாளர் தீசனிடம் அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டார். பெய்துகொண்டுதான் இருந்தது. தீசன் அதைத் தந்திக் குறியீட்டால் திருப்பி அனுப்பினார். குரல் கேட்டது உண்மை. ஆனால் காதைக் குடையும் பெரும் இரைச்சலோடு கலந்தே கேட்டது. மகிழ்ச்சி கொண்டாலும் ஃபெசண்டன் மயங்கிவிடவில்லை. அந்த இரைச்சல் பொறியின் குரல் என்பதும், பொறி உள்ளவரை அது ஓயாது என்பதும் அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தன.

அலுவலகப் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. தம் கண்டுபிடிப்புகளின் காப்புரிமையில் பாதியை அலுவலகத் தலைவர் தமக்குக் கேட்பதாகக் குற்றஞ்சாட்டி, நாட்டின் குடியரசுத் தலைவருக்கே முறையிட்டார் ஃபெசண்டன். முறையீடு பயன் தராமற்போகவே 1902-இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க்கின் செல்வர் இருவர் முதல் வழங்க, தேசிய மின்குறி நிறுவனம் தோன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் பிராண்ட் ராக் என்னுமிடத்தில் 420 அடி உயரக் கோபுரம் ஒன்றை அந்நிறுவனம் எழுப்பியது.

தொடரலைக்கு ஃபெசண்டன் தேர்ந்த வழி மாறுதிசை மின்னியற்றி. வீட்டு விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இயற்றி நொடிக்கு ஐம்பது அல்லது அறுபது முறை திசை மாறும் மின்னோட்டத்தைத் தருகிறது. அதே இயற்றியைப் பல்லாயிரம் முறை திசை மாறும்படி சுழற்றினால் அம்மின்னோட்டம் விண்ணலைக்கம்பியிலிருந்து அலையாகவே புறப்படும் அன்றோ? எண்ணம் எளிது, இரும்பும் செம்பும் அத்தகைய வேகத்தைத் தாங்குமா என்பதே வினா. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் புகழ்பெற்ற அறிஞர் ஸ்டெயின்மெட்ஸ் 1903-இல் செய்து தந்த இயற்றி நொடிக்கு 10,000 சுழற்சிகளையே எட்டியது. அதனினும் பன்மடங்கு வேண்டும் என்று வற்புறுத்தினார் ஃபெசண்டன். சுவீடனிலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் எர்னஸ்ட் அலெக்சாண்டர்சன் இப்பொறுப்பை ஏற்றார். இருவரும் கடிதங்களில் வாதிட்டுக்கொண்டும் வடிவத்தை மாற்றிக்கொண்டும் ஈராண்டுகளுக்கு மேல் உழைத்தனர். 1906-இல் பிராண்ட் ராக்கை வந்தடைந்த இயற்றி, ஃபெசண்டனின் தொழிலாளரால் மேலும் திருத்தப்பெற்று, நொடிக்கு 50,000 சுழற்சி அளவில் இயங்கலாயிற்று. பொறியின் இரைச்சல் அடங்கியது. காதுக்குக் கேளாத, ஆனால் இடையறாத ஓர் அலை விண்ணில் விரிந்தது.

இனி அவ்வலையின்மேல் குரலை ஏற்ற வேண்டும். கரித்துகள் ஒலிவாங்கியின் அமைப்பு மிக எளியது. மெல்லிய தகடு ஒன்றின் பின்னே சிறு கிண்ணத்தில் கரித்துகள்கள் நிரப்பப்பட்டிருக்கும். அத்துகள்களின் வழியே மின்னோட்டம் செல்லும். பேசுவோரின் ஒலி காற்றை நெருக்கித் தகட்டை உள்ளே தள்ளும்போது துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கும்; மின்தடை குறைந்து மின்னோட்டம் பெருகும். தகடு வெளியே விரியும்போது துகள்கள் தளரும். மின்தடை கூடி மின்னோட்டம் சுருங்கும். இவ்வாறு குரலின் ஒவ்வோர் அசைவும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகிறது. இந்த ஒலிவாங்கியைத் தொலைபேசிக் கம்பியில் வைப்பதற்கு மாறாக, இயற்றியிலிருந்து விண்ணலைக்கம்பி வழியாக நிலத்துக்குச் செல்லும் மின்பாதையிலேயே வைத்தார் ஃபெசண்டன். தகடு அசைந்தால் விண்ணலைக்கம்பியின் மின்னோட்டம் அசையும். அது அசைந்தால் புறப்படும் அலையின் வீச்சு குரலுக்கேற்பக் கூடிக் குறையும். இன்றைய இயற்பியல் நூல்கள் வீச்சுப் பண்பேற்றம் என்று கூறுவது இதனையே.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் ஒலிவாங்கியின் வழியே பாய்வது ஓர் ஆம்பியரின் சிறு பகுதியே. பிராண்ட் ராக்கிலோ பரப்பியின் மின்னோட்டம் முழுவதும் அத்துகள்களின் ஊடாகத்தான் சென்றாக வேண்டும். பல ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்காத கரி சூடேறும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், குரல் கரகரத்து நின்றுவிடும். ஒலிவாங்கியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும்படி அமைத்து இவ்விடரை வென்றார் ஃபெசண்டன். பேசுபவரின் உதட்டுக்குச் சில விரற்கடை தொலைவில் நீரோடும் குழாயும், அதனுள்ளே பரப்பியின் ஆற்றல் முழுவதும் பாயும் கரித்துகளும்! பேசுவோர்க்கு அது சற்று அச்சம் தந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. ஆற்றலைக் கூட்டினால் தொலைவு கூடும். ஆனால் ஒலிவாங்கி தாங்கும் அளவே ஆற்றலின் எல்லையாயிற்று. ஒரு பெரும் நிலையத்தின் குரல்வளை, கிண்ணமளவு கரித்துகளாகவே இருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது பின்னர் வந்த வெற்றிடக்குழலும் டிரான்சிஸ்டரும் ஆகும். மெல்லிய மின்குறியை வலியதாக்கும் பெருக்கி அவற்றால் கிடைத்தது. இன்றைய கைக்கருவியின் ஒலிவாங்கி தருவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குகளே. பெருக்கி அதனை வளர்க்கிறது. பேச்சு விளங்குவதற்குப் போதுமான, நொடிக்கு 300 முதல் 3,000 வரையிலான அதிர்வுகளை மட்டும் வடிப்பான் விடுகிறது. அதன்பின் பண்பேற்றி அக்குறியை அலையில் ஏற்றுகிறது. ஆற்றல் மிக்க மின்னோட்டம் ஒலிவாங்கியை நெருங்குவதே இல்லை. பொத்தானை அழுத்தும்போது பரப்பி உயிர்பெற்று, ஏற்பியின் ஒலிபெருக்கி ஊமையாகிறது. விரலை எடுத்தால் இது தலைகீழாகும். ஒரே விண்ணலைக்கம்பியைப் பரப்பியும் ஏற்பியும் மாறி மாறிப் பயன்படுத்துவதற்காகவும், ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊளையிடாதிருப்பதற்காகவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் தொலைபேசித் துறையின் வல்லுநர்களும் இதழாளர்களும் பிராண்ட் ராக்கில் கூடினர். அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளிமத் ஊருக்குக் கம்பியின்றிப் பேசிக் காட்டினார் ஃபெசண்டன். வழக்கமான தொலைபேசிக் கம்பி வழியே வந்த குரலை வானலைக்கு மாற்றியும், வானலையிலிருந்து மீண்டும் கம்பிக்கு மாற்றியும் காட்டினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் வியப்பான செய்தி ஒன்று வந்திருந்தது. கடலுக்கப்பால் ஸ்காட்லாந்தின் மாக்ரிகானிஷ் நிலையத்தில் தந்திக் குறிக்காகக் காத்திருந்த பணியாளர்கள், பிராண்ட் ராக்கின் பொறியாளர் ஒருவர் பிளிமத்துக்கு இயந்திரத்தை இயக்கும் முறை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொற்கள் விளங்கக் கேட்டதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைக் குரல் தற்செயலாகக் கடந்துவிட்டது. அதனை முறைப்படி மெய்ப்பிக்க முயல்வதற்குள், டிசம்பர்த் தொடக்கத்தில் வீசிய புயலில் மாக்ரிகானிஷ் கோபுரம் சாய்ந்தது. மீண்டும் அது எழவில்லை. எனினும் 1907-இல் பிராண்ட் ராக்கின் குரல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவு வரை, ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்டது.

பேசுவதைப் போன்றே கேட்பதிலும் ஃபெசண்டனின் பங்கு பெரிது. இரு இசைக்கவைகளின் அதிர்வெண்கள் சற்றே வேறுபட்டால் ஒலி விம்மித் தணிவதை மாணவர் அறிவர். அவ்வாறே வந்து சேரும் அலையோடு ஏற்பியில் பிறப்பிக்கப்பட்ட மற்றோர் அலையைக் கலந்தால், இரண்டின் வேறுபாட்டுக்கு ஒத்த புதிய அதிர்வு கிடைக்கும் என்று 1901-இலேயே இவர் கண்டார். கலப்புக்கு ஏற்ற நிலையான அலையைத் தரும் எளிய கருவி அன்று இல்லாமையால் அக்கருத்து பல்லாண்டுகள் காத்திருந்தது. வெற்றிடக்குழல் வந்தபின் ஆம்ஸ்ட்ராங் அதனை விரித்து அமைத்தார். அக்கலப்பு முறை அன்று முதல் வானொலி ஏற்பிகளின் அடிப்படையாயிற்று.

இத்துணை ஆற்றல் படைத்தவர் பணத்தைக் கையாள்வதிலும் மனிதரைக் கையாள்வதிலும் தோற்றார் என்றே சொல்ல வேண்டும். கருவிகளைத் தொலைபேசி நிறுவனத்துக்கு விற்கும் பேச்சு, 1907-இல் அந்நிறுவனத்தின் நிர்வாகம் மாறியதால் கைகூடாமற்போயிற்று. முதலீட்டாளர்க்கும் ஃபெசண்டனுக்கும் இடையே பிணக்கு முற்றி, 1911 சனவரியில் தாம் உருவாக்கிய நிறுவனத்திலிருந்தே இவர் நீக்கப்பட்டார். வழக்குத் தொடுத்து வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். நிறுவனமும் நொடித்தது. இவருடைய காப்புரிமைகள் கைமாறிக் கைமாறிப் பெருநிறுவனங்களிடம் சென்று சேர்ந்தன. 1920-களில் வீடுதோறும் வானொலி ஒலிக்கத் தொடங்கியபோது, அதன் வருவாயில் இவருக்கு உரிய பங்கு நீதிமன்றக் கோப்புகளுக்குள் கிடந்தது. 1921-இல் வானொலிப் பொறியாளர் கழகம் தன் உயரிய பதக்கத்தை வழங்கியபோது, அது பொன்முலாம் பூசியது என்றறிந்து, தமக்கு மட்டும் மாற்றுக்குறைந்ததைத் தந்தனர் என்று கருதித் திருப்பி அனுப்பினார். முன்னவர்க்கும் அத்தகையதே தரப்பட்டது என்று விளங்கிய பின்னரே ஏற்றுக்கொண்டார். ஏமாற்றப்பட்டவரின் மனம் எளிதில் எவரையும் நம்புவதில்லை.

வானலை கைவிட்ட காலத்தில் கடல் அவருக்கு இடங்கொடுத்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய துயரம், இருளிலும் மூடுபனியிலும் பாறையை முன்னறியும் கருவி ஒன்றின் தேவையை உணர்த்தியது. தடித்த எஃகுத் தகடு ஒன்றை மின்காந்த விசையால் அதிரச் செய்து நீருக்குள் ஒலியை அனுப்பும் அலைவியற்றியை ஃபெசண்டன் படைத்தார். அதே தகடு திரும்பி வரும் எதிரொலியையும் வாங்கியது. பேசும் வாயும் கேட்கும் செவியும் ஒன்றேயான கருவி. 1914 ஏப்ரலில் மயாமி என்னும் அமெரிக்கக் கப்பலில் இருந்து, நியூபவுண்ட்லாந்தை அடுத்த கடற்பரப்பில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலி இதனால் பெறப்பட்டது. கடலடியின் எதிரொலியும் கேட்டதால் ஆழம் அளக்கும் வழியும் பிறந்தது. அவ்வாண்டே மூண்ட உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளவும் இக்கருவி உதவிற்று.

1928-இல் வானொலி வழக்குகள் ஒருவாறு முடிவுக்கு வந்து பெருந்தொகை ஒன்று கிடைத்தது. உடல்நலம் குன்றியிருந்த ஃபெசண்டன் மனைவியுடன், தம் இளமையில் ஆசிரியப்பணி தொடங்கிய பெர்முடாவுக்கே திரும்பி, கடலை நோக்கிய வீட்டில் குடியமர்ந்தார். 1932 சனவரியில் பழைய உடன்பணியாளர் ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். 1906-ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு முந்திய இரவில் பிராண்ட் ராக்கிலிருந்து கடலில் செல்லும் கப்பல்களுக்காகப் பேசியதையும், இசைத்தட்டில் ஹாண்டெலின் இசையை ஒலிக்கவிட்டதையும், தாமே வயலின் வாசித்துப் பாடியதையும் அதில் நினைவுகூர்ந்தார். தந்தியின் புள்ளியும் கோடும் மட்டுமே கேட்டுப் பழகிய மாலுமிகளின் செவிக்குழலில் பாட்டு கேட்ட அவ்விரவு, உலகின் முதல் வானொலி ஒலிபரப்பு எனப் பின்னர்ப் புகழ்பெற்றது. அதற்குச் சான்றாக நிற்பது பெரிதும் அக்கடிதமே. கப்பல் குறிப்பேடுகளில் சான்று காணாத ஆய்வாளர் சிலர் அந்நிகழ்வை ஐயுறுகின்றனர். அதற்கு மூன்று நாள் முன்னர் வல்லுநர் கேட்ட குரலை ஐயுறுவார் எவருமிலர்.

கடிதம் எழுதிய ஆறாம் திங்களில், 1932 சூலை 22-ஆம் நாள், பெர்முடாவில் ஃபெசண்டன் மறைந்தார். அத்தீவின் புனித மாற்கு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எட்டாண்டுகளுக்குப் பின் கணவரின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார் ஹெலன்.